பழைய ரோட்டுச் சோளம்

புறவழிச்சாலை வந்த பிறகு கல்லேரிக்குப்பத்துப் பழைய தார் ரோட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அவர் அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். சின்னசேலம் பஸ் வேண்டுமானால் இந்தப் பக்கம் திரும்பாமல் போகும். ஆனால் ஐப்பசி பாதி கழிந்துவிட்டால், ஏரிக்கரையிலிருந்து ஒற்றைப் புளியமரம் வரைக்கும் ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க மக்காச்சோளந்தான் காயும். தார் ரோட்டில் காய்கிற மாதிரி மண் களத்தில் காயாது. கீழேயும் சூடு, மேலேயும் சூடு.

இடம் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் சாயங்காலமே கல் வைத்துவிட வேண்டும். மூலைக்கு ஒரு கல், பக்கத்து ஆளின் இடத்துக்கும் நம் இடத்துக்கும் நடுவில் ஒரு வரிசைக் கல். பாதி ரோடு சோளத்துக்கு, பாதி ரோடு வண்டிக்கு. வரப்பை வருசத்துக்கு ஒரு சாண் வெட்டி உள்ளே தள்ளுகிற மகராசன்கள்கூட ரோட்டுக் கல்லை மட்டும் தொடமாட்டார்கள். அது என்ன நியாயமோ, அப்படி ஒரு பழக்கம்.

பெரியநாயகியின் கற்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சுண்ணாம்பு அடித்திருப்பாள். அதோடு ரோட்டின் இரண்டு முனையிலும் குச்சி நட்டு, குச்சிக்கொரு சிவப்புத் துணி கட்டியிருப்பாள். தன் சோளத்தின் முனையில் மட்டும் அல்ல, பக்கத்தில் காயப் போட்டிருக்கிறவர்களின் சோளத்தையும் சேர்த்து அந்தக் கடைசியில் ஒன்று, இந்தக் கடைசியில் ஒன்று. வண்டியில் வருகிறவன் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைக்கட்டும் என்று.

அந்தச் சிவப்புத் துணி ஒரு துண்டு. இரண்டாகக் கிழித்தது. அவளுடைய துண்டும் இல்லை.

ஆவணி மாதத்தில் அவள் புருசன் வெங்கடேசன் இதே ரோட்டில் பைக்கில் வரும்போது, யாரோ முன்கூட்டியே அறுத்துக் காயப்போட்டு அள்ளாமல் விட்டிருந்த சோளத்தின்மேல் சக்கரம் ஏறி வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போன ஒரு மினிலாரிக்காரர்தான் நிறுத்தி, தூக்கி, தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டால் காலை இறுக்கிக் கட்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. துண்டு மட்டும் மிஞ்சியது. அவள் அதை மூன்று தண்ணீர் மாற்றித் துவைத்து வைத்திருந்தாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு கிறுக்கு என்று வெங்கடேசன் சொல்வான். ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் நிமிர்ந்து ஓட்டுகிறவன் முகத்தைப் பார்ப்பாள். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று. வழி கேட்கிறவனுக்கு வழி சொல்வதோடு விடமாட்டாள், தண்ணீர் வேண்டுமா என்பாள். கீரைக்காரி கட்டு சின்னதாகக் கொடுத்தால் அவளுக்கு என்ன கஷ்டமோ என்பாள். எல்லார் முகத்திலும் அவளுக்கு அந்த லாரிக்காரரின் முகம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

காலில் கம்பியோடு வெங்கடேசன் கட்டிலில் கிடந்தான். அவனுக்கு அந்த லாரிக்காரர் நினைவை விட, சோளத்தை அள்ளாமல் விட்டவனின் நினைவுதான் அதிகம். அது அம்மாசியின் சோளம் என்று அவன் சத்தியம் செய்வான். அம்மாசி பங்காளி முறை, வெங்கடேசனுக்குச் சித்தப்பா. நிலமும் அடுத்தடுத்து. கால் உடைந்த நாளிலிருந்து அம்மாசி ஒரு தடவை வந்து விசாரிக்கவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வருசம் இரண்டு ஏக்கர் சோளத்தையும் ஒற்றை ஆளாகப் பாடுபட்டு வீடு சேர்க்கிற பொறுப்பு பெரியநாயகி தலையில். உதவிக்கு அமலோற்பவம் மட்டும், கூலிக்கு. மாதா கோயில் தெருக்காரி, வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடச் சுறுசுறுப்பு. கதிர் ஒடித்து, மிஷினில் அடித்து, இரண்டு நாளாகக் காய்ந்து, மூன்றாவது நாளும் காய்ந்துவிட்டால் யாவாரி ஈரம் பார்க்கிற மிஷினை வைத்ததும் தலையாட்டிவிடுவான். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்தால் கோழித் தீவனத்துக்குக்கூட வேண்டாம் என்பான். வருசத்து உழைப்பு அந்த ஒரு நாள் வெயிலில் நின்றது.

அந்த மூன்றாம் நாள் காலையில்தான் பக்கத்து இடத்தில் அம்மாசி கல் வைத்து, அப்போது அடித்த பச்சைச் சோளத்தைக் கொட்டிப் பரப்பினார். இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் மலைப் பக்கம் பார்த்தார், தன் தார்ப்பாயை விரித்துப் பார்த்தார். எலி கடித்து சல்லடையாகக் கிடந்தது. மொபட்டை எடுத்துக்கொண்டு சின்னசேலத்துக்குப் போய்விட்டார்.

"அக்கா, மலைய பாத்தியா, மசமசன்னு கெடக்குது" என்றாள் அமலோற்பவம், பலகையால் சோளத்தைத் தள்ளிக்கொண்டே.

"நேத்தும் அப்பிடித்தான் கெடந்துச்சு. வந்துச்சா?"

"ஒனக்கு எல்லாமே நல்லதுதான். இடி வுழுந்தாகூட தீவாளி வெடின்னுவ."

கல்வராயன் மலையில் மழை இறங்கினால் கல்லேரிக்குப்பத்துக்கு அரை மணி. அன்று அதுகூட எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் புளியமர இலை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் மண் வாசனை. பெரியநாயகி தலையில் போட்டிருந்த பழைய சேலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு பலகையை எடுத்தாள். இரண்டு பேரும் மூச்சுவிடாமல் தள்ளினார்கள். அவள் சோளம் குவிந்தது. தார்ப்பாயை இழுக்கும்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். அம்மாசியின் சோளம் விரித்தது விரித்தபடி கிடந்தது.

"அவுரு வரலியே" என்றாள்.

"வரலன்னா நனையட்டும். ஆவணில அவுரு அள்ளாம வுட்டதாலதான ஒன் வூட்டுக்காரரு படுத்துக்கினு கீறாரு. சாமி கணக்கு தீக்குது, நீ எதுக்கு குறுக்க போற?"

"தார்ப்பாய் வாங்கத்தான் போயிருக்காரு. வழில மழ புடிச்சிக்கினு இருக்கும். வா, தள்ளு."

"ஒரு தார்ப்பாய் ரெண்டு குவியலுக்கு எப்பிடிக்கா பத்தும்?"

"ரெண்டையும் ஒட்டி வெச்சா பத்தும்."

அமலோற்பவம் நின்றுவிட்டாள். "ஒன்னுது காஞ்சது. அவுருது பச்ச ஈரம். சேத்து வெச்சா ஒன்னுதும் சேந்து கெடும். சொல்லிட்டன்."

"பேசிக்கினே தள்ளு, அமலா."

அப்படி ஒன்றும் பெரியநாயகி யோசித்துச் செய்யவில்லை. சோளம் நனையப்போகிறது, கையில் பலகை இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. நடுரோடு கொஞ்சம் மேடு, ஓரம் பள்ளம். ஏற்கெனவே ஈரமாக இருப்பது இன்னும் ஈரம் தாங்காது என்று அம்மாசியின் சோளத்தை மேட்டுப் பக்கம் தள்ளினாள். தன்னுடையதைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கினாள். இடுப்புச் சேலையை அவிழ்த்து இரண்டுக்கும் நடுவில் நீளமாக நிறுத்தி, வரிசைக் கற்களை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தாள். ஆனால் மேலே தள்ளத் தள்ள சோளம் சேலையைத் தாண்டிச் சரிந்து ஒன்றோடு ஒன்று கலந்தது. தார்ப்பாயை இழுத்து ஓரத்தில் கல் வைத்து முடிப்பதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. இரண்டு பேரும் புளியமரத்தடியில் நனைந்துகொண்டே சிரித்தார்கள்.

மழை விடுகிற நேரத்துக்கு அம்மாசி வந்தார். மடியில் புதுத் தார்ப்பாய், தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வண்டியை நிறுத்தினார். தன் இடத்தில் ஒரு மணிகூட இல்லாததைப் பார்த்தார். ஓடிவந்து தார்ப்பாயின் முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"யார கேட்டு என் சோளத்த எடுத்த?"

"எடுக்கல மாமா. மழ வந்துச்சு, ஒரு தார்ப்பாய்தான் இருந்துச்சு..."

"நனஞ்சா எனுது நனஞ்சிட்டு போவுது. இப்ப இதுல எது எனுது, எது ஒன்னுது? பிரிச்சி காட்டு பாப்பம். புருசனும் பொண்டாட்டியும் யோசன பண்ணித்தான் இத்த செஞ்சிருக்கீங்க. எனக்கு தெரியாதா?"

"இன்னா யோசன பண்ணோம்?"

"பஞ்சாயத்து மெம்பர வெச்சிக்கினு பிரிப்போம். அதுவரிக்கும் ஒரு மணிய யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, புதுத் தார்ப்பாயைக் கீழேகூட இறக்காமல் வண்டியைத் திருப்பினார். அமலோற்பவம் பின்னாலேயே ஏதோ கத்தினாள். நனைந்த ரவிக்கையோடு நிற்கும்போது பெரியநாயகிக்குக் குளிர் அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் வெங்கடேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். சந்தோசச் சிரிப்பு இல்லை.

"திருடிப் பட்டம் வாங்கிக்கினு வந்தியா? ஊருக்கெல்லாம் நல்லத நெனச்சிக்கினு திரிஞ்சியே, ஊரு ஒனக்கு இன்னா நெனச்சிச்சி பாத்தியா?"

அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மழை நாளுக்கு அவனுக்குப் பிடிக்கும். அவனுக்குப் போட்டுவிட்டு அவள் சாப்பிடவில்லை. கோபமாகத்தான் இருந்தது. நிஜமான கோபம். அப்பா வயதுக்காரர், வாய் கூசாமல் எப்படிச் சொன்னார் என்று திரும்பத் திரும்ப அதே இடத்தில் போய் நின்றாள். இந்த மனுசன் படுத்துக்கொண்டு சொல்வதெல்லாம் சரிதானோ என்றுகூட முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று வந்தது. ஊரே ரோட்டில் இறங்கிச் சோளத்தைப் பிரித்துப் பரப்பியது. ஒரு குவியல் மட்டும் அப்படியே கிடந்தது. மெம்பர் எலவனாசூர்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார், சாயங்காலந்தான் வருவார் என்றார்கள். பெரியநாயகி வேண்டுமென்றே வீட்டில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்தாள். உரித்துக்கொண்டே முடிவு செய்தாள். தார்ப்பாய் என்னுடையது, அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது. அவர் புதுசு வாங்கியிருக்கிறார் அல்லவா, அவர் சோளத்தை அவர் மூடிக்கொள்ளட்டும். மலையில் இன்றைக்கும் மேகம் இருக்கிறது. நனைந்தால் தெரியும். அந்தக் குவியலில் பாதி தன் சோளம் என்பது கோபத்தில் அவளுக்கு ஞாபகமே வரவில்லை. கோபம் வந்தால் யாருக்குத்தான் வருகிறது.

விறுவிறுவென்று நடந்தாள். முனைக் கற்களைக் காலால் தள்ளிவிட்டுத் தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளிருந்து புளித்த வாடையோடு ஆவி முகத்தில் அடித்தது. கையை முழங்கை வரைக்கும் குவியலுக்குள் விட்டாள். சுட்டது. சோளம் வெந்துகொண்டிருந்தது. அள்ளி வந்த கைப்பிடியில் ஈரச் சோளமும் காய்ந்த சோளமும் சேர்ந்திருந்தன. இரண்டும் ஒரே சூடு.

குச்சியில் சிவப்புத் துண்டு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. இதுவரைக்கும் யாரிடமும், வெங்கடேசனிடம்கூட, சொல்லாத விசயம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் அவள் ஓடும்போது, சட்டை எல்லாம் ரத்தமாக ஒரு ஆள் சுவரோரம் நின்றிருந்தார். அவள் நேராகப் போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். "நீதான இடிச்ச? கண்ணு தெரியல ஒனக்கு?" என்று அத்தனை பேர் நடுவிலும் கத்தினாள். அந்த ஆள் மறுத்துப் பேசவில்லை. "உள்ளதாம்மா இருக்காரு, மொதல்ல போய் பாருங்க" என்றார். அவள் போய்ப் பார்த்து, நர்ஸ் சொல்லி, விசயம் தெரிந்து வெளியே ஓடிவருவதற்குள் போய்விட்டிருந்தார். கிழங்கு லோடு காத்திருக்கும். முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அதனால்தான் எல்லார் முகத்தையும் பார்க்கிறாள். பார்த்தால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அவரும் கோபித்துக்கொண்டு துண்டை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கலாம். தார்ப்பாயை எடுக்க வந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. மடித்த தார்ப்பாயைப் புளியமரத்தடியில் போட்டாள். பலகையை எடுத்து, குவியலின் உச்சியிலிருந்து வெயிலுக்குத் தள்ள ஆரம்பித்தாள்.

கால் குவியல் பரப்பியிருப்பாள். மொபட் சத்தம் கேட்டது.

"தொடக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா?" அம்மாசி இறங்கும்போதே கேட்டார்.

"உள்ள கைய வுட்டு பாருங்க மாமா."

"நான் எதுக்கு வுடணும்?"

"சுடுது. மெம்பர் வர்றதுக்குள்ள மொள வுட்டுடும். மொதல்ல காய வெப்போம். காஞ்சதும் ஒங்க கணக்குக்கு எத்தினி மூட்டையோ அத்தினியும் நீங்க மொதல்ல கட்டிக்கினு போங்க. மிச்சம் எனுது."

"மிச்சம் கம்மியா போச்சின்னா?"

"கம்மியா போவட்டும். மொத்தமா போறதுக்கு அது தேவல."

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் குனிந்து கையை விட்டார். சட்டென்று வெளியே எடுத்தார். அமலோற்பவத்தின் பலகையை எடுத்து அந்தக் கடைசியில் தள்ள ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பலகையில் ஏதோ சிக்கியது. இழுத்தார். சேலை. ஈரத்தில் கனத்துப்போய், முனையில் சுண்ணாம்புக் கல்லோடு வந்தது.

"இது இன்னா?"

"நடுவுல தடுப்பு வெச்சன். நிக்கல. சரிஞ்சிடுச்சி."

அவர் சேலை கிடந்த இடத்தைப் பார்த்தார். மேட்டுப் பக்கம் பார்த்தார், பள்ளத்துப் பக்கம் பார்த்தார். பள்ளத்தில் அடிச்சோளம் தண்ணீரில் ஊறி உப்பிக் கிடந்தது.

"மேட்டுல வெச்சது யாருது?"

"ஒங்களுதுதான். ஏற்கெனவே ஈரமா இருந்துச்சி, அதான்."

சேலையைப் பிழிந்து, உதறி, புளியங்கிளையில் அம்மாசியே காயப் போட்டார். இரண்டு பேரும் மறுபடி தள்ளினார்கள். பலகை தார்மேல் உரசியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஆவணில இங்க கெடந்தது என் சோளந்தான்."

"தெரியும் மாமா. அவுரு தெனமும் சொல்லிக்கினுதான் இருக்காரு."

"தெரிஞ்சிமா என் சோளத்த தள்ளுன?"

"மழ வந்துச்சி இல்ல."

அம்மாசி பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். "அன்னிக்கு என் வூட்டுக்காரி ராஜாம்பாளுக்கு ஒடம்பு முடியல. பாதிய அள்ளிட்டு பாதிய வுட்டுட்டு ஓடிட்டன். அப்பறந்தான் சேதி தெரிஞ்சிது. ரெண்டு தபா ஒங்க வூட்டு வாசப்படி வரிக்கும் வந்தன். உள்ள நுழைய கால் வரல. அப்பறம் எனக்குள்ளவே ஒரு நெனப்பு வந்துடுச்சி. இவங்க எப்பவாச்சும் எனக்கு ஒரு ஆப்பு வெப்பாங்க, வெப்பாங்கன்னு. நேத்து காலி ரோட்ட பாத்ததும், சரி, வெச்சிட்டாங்கன்னு தோணிச்சி. நான் பண்ண தப்பு என் கண்ண மறச்சிடுச்சி, பொண்ணே. மனசுல வெச்சிக்காத."

"நானும் தார்ப்பாய் எடுத்துக்கினு போவத்தான் வந்தன் மாமா" என்றாள். "நனையட்டும்னு."

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

அமலோற்பவம் கூழ்ச் சட்டியோடு வந்தபோது இந்தச் சிரிப்பைப் பார்த்து, வழியெல்லாம் திட்டுவதற்காக யோசித்து வைத்திருந்ததை எல்லாம் விழுங்க வேண்டியதாகிவிட்டது. "நேத்து நீங்க பேசின பேச்சுக்கு ஒரு வாய் கூழு குடுக்க கூடாது" என்றாள், அம்மாசிக்கு ஊற்றிக்கொண்டே. "மோரு போதுமா?"

நான்கு நாள் காய்ந்தது. நடுவில் ஒரு தூறல். அதற்குள் இரண்டு தார்ப்பாய் இருந்தன. மூன்றாவது நாள் வெங்கடேசன் தடி ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆடு விரட்டினான். பேசக்கூடாது என்ற முடிவோடுதான் வந்திருந்தான். அம்மாசி நேராக வந்து அவன் முன்னால் குந்தினார். கம்பி வைத்த காலைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"ராத்திரில வலிக்குது" என்றான் வெங்கடேசன். வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கோமுகி அணைக்கு மேல, மலைல ஒருத்தரு எண்ண காச்சி குடுக்கறாரு. நாளைக்கு போய் வாங்கியாரன்."

வெங்கடேசன் ஆட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "மொபட்டுல மல ஏறாத சித்தப்பா, பஸ்ஸுல போ" என்றான்.

மூட்டை பிடிக்கும்போது அம்மாசி தன் கணக்கில் மூன்று மூட்டையைக் குறைத்துக் கட்டினார். பள்ளத்தில் ஊறிப் பூசணம் பிடித்ததை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பெரியநாயகி எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. யாவாரி மிஷினை வைத்தான், தலையாட்டினான்.

அப்புறம் தை வந்தது. இரண்டாம் போகத்துச் சோளம் அடிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், பெரியநாயகி சுண்ணாம்புக் கற்களைக் கூடையில் வைத்துக்கொண்டு இடம் பிடிக்கப் போனாள். பீரோ அடியில் மடித்து வைத்திருந்த சிவப்புத் துண்டின் இரண்டு பாதியைத் தேடினாள், கிடைக்கவில்லை. வெங்கடேசனைக் கேட்டதற்கு, "போய் பாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஏரிக்கரை தாண்டும்போதே தெரிந்தது. ரோட்டின் அந்தக் கடைசியில் ஒன்று, இந்தக் கடைசியில் ஒன்று, ஆள் உயர மூங்கிலில் சிவப்புத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூலைகளில் அம்மாசியின் நாலு கல் இருந்தது. அளந்து பார்த்தாள். இரண்டு பேர் சோளத்துக்கும் போதுமான இடம். நடுவில் வரிசைக் கல்லே இல்லை.

காற்றில் ஒரு மூங்கில் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்த நேரம் கிழங்கு ஏற்றிய ஒரு மினிலாரி புளியமரத்துப் பக்கமிருந்து வந்து, துணியைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கிப் போனது. அவள் வழக்கம்போல நிமிர்ந்து ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பையன், அவர் இல்லை. அவனுக்கும் கையைக் காட்டினாள், அவனும் காட்டினான். லாரி போன பிறகு கூடையை இறக்கி, கொண்டுவந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மூங்கிலின் அடியில் சுற்றி அடுக்கி, அது நிமிர்ந்து நிற்கும் வரைக்கும் காலால் மிதித்துக் கெட்டியாக்கினாள்.